தகடூர் நெல்லி

காரிமங்கலம் வாரச்சந்தையில் பெருநெல்லி கண்ணில் பட்டால் நான் பேரம் பேசுவதில்லை. மஞ்சள் ஏறிய பச்சை, வெயிலில் பிடித்தால் உள்வரி தெரியும் தோல். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்தால் முதலில் புளிப்பு, பின்னாலேயே துவர்ப்பு. தண்ணீர் குடித்த பிறகுதான் இனிப்பு. அதியமான் ஒளவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர்ச் சீமை என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இதில் வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு. ரத்தத்தில் அது செய்யும் வேலை இன்னும் ருசியானது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது; கெட்டுப்போன புரதத்துக்குப் பதில் புதிது செய்துகொள்ள வழியில்லை. அப்படியே சுமார் 120 நாள் ஆக்சிஜன் சுமக்க வேண்டும். சுமக்கும் ஆக்சிஜனே ஹீமோகுளோபினின் இரும்பை மெல்லத் துருவேற்றப் பார்க்கும். வைட்டமின் சி தன் எலக்ட்ரானைக் கொடுத்து அந்தச் சேதத்தைக் குறைக்கிறது. கொடுத்து ஓய்ந்த மூலக்கூறை, குளுக்கோஸ் நுழையும் அதே வாசல் வழியாகச் சிவப்பணு உள்ளே இழுத்துப் புதுப்பித்துக்கொள்கிறது. என்ன சிக்கனம்!

முழுக் காவலும் வைட்டமின் சியின் வேலையல்ல. குளுட்டாதயோனும் நொதிகளும்தான் பெரும்பங்கு பார்க்கின்றன. அந்த நொதிகளில் ஒன்றான ஜி6பிடி குறைந்தவர்களுக்கு நரம்பு வழியே மிகையாக ஏற்றும் வைட்டமின் சி, சிவப்பணுக்களை உடைத்தே விடலாம். கடித்துத் தின்னும் நெல்லியில் அந்த அளவு வராது. பல் கூச்சமே நம்மை நிறுத்திவிடும்.