குறியேற்றமும் அதிகாரமும்: இணைய விதியொன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

எழுத்து நடுநிலையானதொரு கருவி என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. இணையப் பக்கங்களுக்கான விதிகளை ஓர் இலக்கண நூலை வாசிப்பது போல நுணுகி நோக்குமிடத்து இவ்வெண்ணம் நிலைக்காது.

1999 டிசெம்பரில் வெளியான எச்.ரி.எம்.எல். 4.01, ஒரு பக்கம் பிறிதோர் ஆவணத்தைச் சுட்டும் இணைப்பிலேயே அவ்வாவணத்தின் குறியேற்றத்தையும் அறிவிக்க இடமளித்தது. ஆயின் அவ்வறிவிப்புக்குக் கிட்டியது மூன்றாம் இடமே. ஆவணத்தை அனுப்பும் வழங்கியின் கூற்று முதலாவது. ஆவணம் தன்னைப் பற்றிக் கூறுவது இரண்டாவது. இவ்விரண்டும் இல்லாதவிடத்தே சுட்டுபவரின் கூற்றுச் செல்லும். எழுதியவர் சரியான குறியேற்றத்தைத் தம் பக்கத்துள் பொறித்திருப்பினும், வழங்கியின் பிழையான அறிவிப்பு அதனை மேவி, வாசகர் முன் பொருளற்ற குறிகளை நிறுத்தக்கூடும். விநியோக சாதனத்தைத் தம் கையில் வைத்திருப்போரின் சொல், ஆக்கியோனின் சொல்லை வென்றுவிடுகிறது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

2014இல் விதந்துரைக்கப்பட்ட எச்.ரி.எம்.எல். 5, இணைப்பில் அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. முக்கிய உலாவிகள் அதனைச் சரிவர ஆதரிக்கவில்லை. மேலும், சுட்டப்பட்ட ஆவணம் பின்னர் வேறு குறியேற்றத்துக்கு மாற்றப்படின் சுட்டியவரின் கூற்றுப் பொய்யாகிவிடும். பிறர் பிரதிக்கு நாம் ஒட்டும் அடையாளம் நிலையற்றது என்பதால் இந்நீக்கம் நியாயமானதே.

எனினும் தமிழின் பிரச்சினை இதற்கு முற்பட்டது. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆக்கப்பட்ட பக்கங்கள் கணினியைப் பொறுத்தவரை இலத்தீன் எழுத்துக்களே. தமிழ் என்பது எழுத்துரு அளித்த தோற்றம் மட்டுமே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் கவிதையும் கட்டுரையும் வெறும் எழுத்துக் குவியலாகிவிடுகின்றன. அறிவிப்பின் வரிசையை எவ்வளவு திருத்தினும் இக்குறை தீராது.

இன்றைய விதி யூ.ரி.எவ்.-8 என்னும் ஒரே குறியேற்றத்தை வலியுறுத்துகிறது. அதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு: ஆங்கில எழுத்தொன்றுக்கு 1 பைட், தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைட், 'கு' என்பதற்கு 6 பைட். முன்னர் வந்த அஸ்கியின் முதன்மை பொதுமையின் உள்ளேயே பேணப்பட்டுள்ளது. ஆயினும் இம்முரண்பாட்டைக் காட்டிப் பொதுமையை மறுப்பது பிற்போக்காகும். தமிழும் சிங்களமும் அரபும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று சிதைக்காது நிற்பதை அதுவே இயல்வதாக்கியது.

ஆகவே எஞ்சியுள்ள பணி தெளிவானது. பழைய எழுத்துருக்களில் முடங்கியுள்ள பிரதிகளை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்துடன் ஒப்புநோக்கிப் பேணல் வேண்டும். இது தனிமனித ஆர்வத்துக்கு விடப்படக்கூடியதன்று. நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் கூட்டாக ஏற்க வேண்டிய சமூகக் கடமையாகும். வாசிக்க இயலாத இலக்கியத்துக்கு விமரிசனமும் இல்லை, வரலாறும் இல்லை.