தெருவிளக்கின் சிறு வில்லை

எல்இடி தெருவிளக்கின் வில்லை பெரும்பாலும் நிலக்கடலைபோல நடுவில் ஒடுங்கியிருக்கும். காரணம் தரையில் இருக்கிறது. எல்லாத் திசையிலும் ஒரே செறிவில் ஒளி வீசினால், செங்குத்திலிருந்து 60 பாகைச் சாய்வில் தரையில் விழும் வெளிச்சம் நேர்கீழே விழுவதில் எட்டில் ஒரு பங்குதான். அங்கும் சீராக விழ வேண்டுமானால் எட்டு மடங்கு செறிவை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். பால்நிற மூடி போதாதா என்பார்கள். அது ஒளியைச் சிதறடிக்குமே தவிர சாலைக்கென்று திருப்பாது, வீட்டு ஜன்னலுக்கும் அனுப்பும்.

கணினியே வில்லையின் வளைவை வரைந்துவிடும்போது இதில் என்ன கலை என்றும் கேட்கலாம். ஆனால் வார்ப்பில் வில்லையின் அக்ரிலிக் ஆறும்போது சுருங்கும். எல்இடி சில்லு மயிரிழை விலகி உட்காரும். கூர்மையாக வெட்டிய ஒளி விளிம்பு அப்போது சாலையில் பட்டையாகத் தெரியும். தேர்ந்த வடிவமைப்பாளர் அந்த விளிம்பை முன்கூட்டியே மென்மையாக்கி, கொஞ்சம் செயல்திறனை விட்டுக்கொடுக்கிறார். கணக்கில் இரண்டாம் இடம் பெறும் அந்த வடிவமே, ஆயிரக்கணக்கில் வார்க்கும்போது முதலிடத்துக்கு உரியது.