கண்ணாடிச் சிலையும் கையறுநிலையும்

எட்வின் லேண்டு என்பார் 1947-இல் நியூயார்க்கில் செய்துகாட்டிய உடனடி நிழற்பட முறை, 1972-இல் வெளிவந்த எஸ்.எக்ஸ்.-70 என்னும் போலராய்டு கருவியால் எவர்க்கும் எளிதாயிற்று. படத்தாள் தானே வெளிவரும். உருவம் சில நிமிடங்களில் காண்பார் கண்முன் மெல்லத் துலங்கும். நெகட்டிவ் இன்மையின், படி எடுக்கப்படாத ஓலை போல ஒவ்வொரு படமும் ஒன்றேயாம்.

இக்கருவியால் வீட்டுப் பொருளையும் பலகணிக் காட்சியையும் கலையாக்கியவருள் ஒருவர், ஹங்கேரியிற் பிறந்த ஆந்திரே கெர்த்தேஸ் (1894–1985). மனைவி எலிசபெத் 1977-இல் மறைந்தபின், வாசிங்டன் சதுக்கத்தை நோக்கிய தம் நியூயார்க்கு இல்லத்தில் அவர் எடுத்த படங்கள், 'என் பலகணியிலிருந்து' எனப் பொருள்படும் பெயருடன் 1981-இல் நூலாயின. கடையொன்றிற் கண்டு வாங்கிய கண்ணாடி மார்பளவுச் சிலை அவற்றுட் பலவற்றில் இடம்பெறுகின்றது. அதன் கழுத்தும் தோளும் மனைவியை நினைவூட்டின என்பது அவர் கூற்று.

'உடனடி' என்னும் அடைமொழி இப்படங்களுக்குப் பொருந்தாது என்பது எம் துணிபு. ஒரே சிலையை ஒரே பலகணியில் வைத்து, ஒளி மாறுந்தோறும் காத்திருந்து எடுத்தவை அவை. விரைவு கருவியினது, பொறுமை கலைஞனது.

கருப்பொருள் வழியே உரிப்பொருள் உணர்த்தும் அகநெறியை இவற்றிற் காணத் தமிழ் பயின்றார்க்கு எளிதில் தோன்றும். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயின் பிரிந்தார் மீளார் எனத் தெளிந்தபின் எழும் துயர் பாலையும் அன்று, நெய்தலும் அன்று, புறத்துறையாகிய கையறுநிலையே. ஒல்லையூர்ச் சாத்தன் மாய்ந்தபின் பூத்த முல்லையைக் குடவாயிற் கீரத்தனார் வினவும் புறநானூற்றுப் பாட்டு (242) இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அம்முல்லை சாத்தனைப் போன்றதன்று. அவன் இல்லாத நாட்டில் வழக்கம்போற் பூத்தது, அவ்வளவே. துயரின் ஆற்றல் அதனால் விளைந்தது. கெர்த்தேசின் சிலையோ மனைவியின் சாயலாகவே கொள்ளப்பட்டது. ஆதலின் சிலை மட்டும் தனித்து நிற்கும் படங்கள் சற்று மெலிந்தன என்போம். வானமும் கட்டடங்களும் அதனுட் புகுந்து வளைந்து தலைகீழாய்த் தோன்றும் படங்களே சிறந்தன. அங்கே நகர் தன்போக்கில் இயங்குகின்றது, முல்லை பூத்தாற்போல.

புதுச்சேரியைச் சார்ந்த பிள்ளையார்குப்பத்தில், நண்பர் இல்லத் திண்ணையில் இந்நூலைப் புரட்டியபோது, இவ்வரலாறு ஒன்றும் அறியாத முதியவர் ஒருவரும் உடனிருந்தார். தனிச்சிலைப் படங்களைப் பொம்மை எனத் தள்ளினார். கட்டடம் வளைந்த படத்தில் விரலை நிறுத்தி, அவ்வீட்டில் இறந்தவர் யார் என வினவினார். ஒருவர் கேள்வி கொண்டு முடிபு கூறல் ஆராய்ச்சியாகாது. எனினும் அதனை எம்மால் ஒதுக்க இயலவில்லை.

ஒரு குறையும் கூறல் வேண்டும். எட்டுச் செண்டிமீட்டருக்கும் குறைந்த மூலச் சதுரத்தை உள்ளங்கையில் ஏந்திக் காணும் நெருக்கம் அச்சுநூலில் இல்லை. யாம் கண்டதும் அச்சுநூலே.