பாம்பன் எப்படி 'ன்' ஆனது?

இராமேஸ்வரம் கரையோர ஊர்களைப் பற்றி நான் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகளிலிருந்து பைத்தான் கோப்புகளை உருவாக்கித் தர ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். கோப்புறைப் பெயர்கள் எல்லாம் தமிழில்தான். 'பாலம்/பாம்பன்' என்ற பாதையில் முன்னால் இருக்கும் 'பாலம்/' எனக்கு வேண்டாம். எல்ஸ்ட்ரிப் போட்டேன். மிஞ்சியது வெறும் 'ன்'.

முதல்ல யூனிகோட் மேலதான் பழியைப் போட்டேன். தப்பு என்னுடையது. எல்ஸ்ட்ரிப்புக்கு நாம் கொடுப்பது முன்னொட்டு இல்லை, குறிகளின் பட்டியல். ப, கால், ல, ம, புள்ளி, சாய்கோடு, இதில் எது முன்னால் வந்தாலும் தின்றுகொண்டே போகும். 'ன' பட்டியலில் இல்லாததால் அங்கே நின்றது.

இந்தக் குழப்பம் பலருக்கும் வந்ததால்தான் 2020-இல் வந்த பைத்தான் 3.9-இல் ரிமூவ்பிரிஃபிக்ஸ் சேர்த்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பாதைகளுக்கு இதுவும் மருந்து இல்லை என்பதே என் விமர்சனம். 'பாம்பன்' என்பதை நீக்கச் சொன்னால், 'பாம்பன்பாலம்/தூண்' என்ற சம்பந்தமில்லாத பாதையையும் வெட்டி 'பாலம்/தூண்' என்று கொடுக்கும். என்னிடம் அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு கோப்பு இருந்தது. ஒன்றின் மேல் இன்னொன்று எழுதப்பட்டது. ஒரு பிழைச்செய்தியும் வரவில்லை. நாலு நாள் கழிச்சுத்தான் கவனிச்சேன்.

ஓஎஸ்.பாத்துக்குள் இருக்கும் காமன்பிரிஃபிக்ஸ் இன்னும் வேடிக்கை. 'இராமேஸ்வரம்', 'இராமநாதபுரம்' இரண்டுக்கும் பொது முன்னொட்டு கேட்டால் 'இராம' என்கிறது. அப்படியொரு கோப்புறையே கிடையாது. 'மே'வைக்கூட இரண்டாகப் பிளந்துவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையே 'இரா' வரைக்கும்தான் பொது என்று சொல்லிவிடும். இது செல்லாத பாதையைத் தரலாம் என்று ஆவணத்தில் எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் பாதைகளுக்கான பெட்டியில் வைத்த கருவி பாதைக்கு உதவாது என்றால், குறை படிக்காதவனிடம் மட்டுமா? சரியான காமன்பாத் 2015-இல், 3.5-இல்தான் வந்தது.

இப்போது பாத்லிப்பின் ரிலேட்டிவ்_டூ-வுக்கு மாறிவிட்டேன். அது சாய்கோட்டுக்குச் சாய்கோடு, முழுப் பெயராக ஒப்பிடும். பொருந்தாவிட்டால் வேல்யூஎரர் என்று கத்தி நின்றுவிடும். அந்தக் கத்தல்தான் வேண்டும். கையால் எழுதும் நிரலில் தப்பு ஒரு இடத்தோடு போகும். உருவாக்கும் ஸ்கிரிப்டில் அதே தப்பு எல்லாக் கோப்புகளிலும் இறங்கும், தலையில் 'கையால் திருத்தாதீர்கள்' என்ற வரியோடு.