சாடியின் அடியில் யார் பெயர்?

சிங் வமிசத்துப் பீங்கான் சாடிகளைப் பற்றி எழுதுவோர் அவற்றைச் சக்கரவர்த்திகளின் பெயராலேயே பாகுபடுத்துகின்றனர். காங்ஸி காலத்தது, யொங்ஜெங் காலத்தது, சியென்லொங் காலத்தது என்பர். சாடியைக் கவிழ்த்தால் அடியிலுள்ள முத்திரையும் அதையே சொல்லும். அம்முத்திரையோடு நின்றுவிடும் ரசனையை நாம் ஒப்புவதற்கில்லை.

சாடிகள் பிறந்த ஊர் ஜிங்தெஜென். பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712-லும் 1722-லும் எழுதிய கடிதங்களில் அங்குள்ள தொழில்முறையை விவரித்திருக்கிறார். விளிம்பில் வட்டமிடுபவன் வேறொன்றும் செய்வதில்லை. மலரின் கோட்டை ஒருவன் வரைவான். வண்ணம் தீட்டுவது மற்றொருவன் வேலை. மலையும் நீரும் ஒருவனுக்கு. பறவையும் விலங்கும் இன்னொருவனுக்கு. ஒரு கலம் எழுபது தொழிலாளர் கைகளைக் கடக்கிறதாம். அவர்களில் ஒருவன் பெயரும் சாடியில் இல்லை.

அழகை மறுக்க நாம் வரவில்லை. யொங்ஜெங் காலத்துச் சிறந்த சாடிகளில் வெண்பரப்பின் மீது ஒரே பூங்கிளை படரும். மற்ற இடம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கும். அவ்வெறுமையில்தான் கலைஞனின் துணிவு தெரிகிறது. சியென்லொங் காலத்தில் (1735–1796) அந்த அடக்கம் போயிற்று. ஒரே சாடியில் பதினைந்துக்கும் மேற்பட்ட மெருகு வகைகளை அடுக்கிய ஒன்று பீஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திறமைக்கு அது சான்றுதான். நம் கண்ணுக்கோ அது வியாபாரியின் மாதிரிப் பலகை.

இறக்குவானைத் தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். ஐரோப்பியக் கப்பல்களில் தேயிலைப் பெட்டிகளுக்கு அடியில்தான் பீங்கான் ஏற்றப்பட்டது. ஈரம் அதைக் கெடுக்காது, கப்பலுக்குப் பாரமும் ஆகும். அத்தேயிலைக்கு வெள்ளி கொடுத்து மாளாத ஆங்கில வணிகம் சீனத்தில் அபினியைப் புகுத்தியது. 1839-ல் போர் மூண்டது. 1860-ல் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் யுவான்மிங்யுவான் அரண்மனையைச் சூறையாடின; ஆங்கிலேயர் அதற்குத் தீ வைத்தனர். சீனத்தை நம்பியிராமல் தன் குடியேற்ற நாடுகளிலேயே தேயிலை வளர்க்க முனைந்த அதே மூலதனம், 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய பயிரைக் கோப்பி நோயில் அழிந்தபின் மலைகளெங்கும் பரப்பிற்று, சப்பிரகமுவவும் தப்பவில்லை.

2010-ல் லண்டன் புறநகர் ஏலமொன்றில் சியென்லொங் சாடி ஒன்று 4 கோடியே 30 இலட்சம் பவுணுக்குக் கேட்கப்பட்டது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது.

அபினிப் போர்ப் பாடத்தன்று சாடியின் படமொன்றை வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம். அந்த எழுபது கைகளின் கதையையும் சொல்லலாம். தாய் கொழுந்து நிறுக்க நிற்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு விளங்க நேரமாகாது.