நிலமும் பொழுதும்: திறந்தவெளி ஓவியத்துக்கு ஒரு மலைக்கோட்டை அளவுகோல்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிற்பவர் தலையை நிமிர்த்தினால் கிழக்கே மலைக்கோட்டை. காலையில் சூரியன் அதன் முதுகுப்பக்கம் இருப்பதால் பாறை கறுத்த ஒற்றைத் திரளாக நிற்கும். மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் விழுந்ததும் வெடிப்புகளும் சுவர்களும் உச்சிப் பிள்ளையார் சந்நிதியும் தனித்தனியே துலங்கும். தூரிகை பிடித்தறியாதவருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ஆகவே திருச்சியில் மலைக்கோட்டையை வரைபவர் ஊரையே பரீட்சகராக வைத்துக்கொண்டுதான் வரைகிறார். திறந்தவெளி ஓவியம் என்றால் இடத்திலேயே தொடங்கி இடத்திலேயே முடித்ததாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. அந்த விதி தொழிலாளியின் வருகைப்பதிவேட்டைத்தான் பார்க்கிறது, வேலையைப் பார்க்கவில்லை. எங்கே, எந்த வேளையில் நின்று பார்த்தார் என்பதற்குப் படமே சாட்சி சொல்கிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று வகுத்த தொல்காப்பியம் கையில் இருக்கும்போது நாம் வேறு அளவுகோல் தேடிப் போக வேண்டியதில்லை.

பழைய விதியைக் கறாராகப் பிடித்தால் இந்த மரபின் முன்னோடிகளே தேற மாட்டார்கள். 1792-இல் திருச்சிக்கு வந்த தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரரின் மகன் வில்லியமும் காவிரியிலிருந்து பாறையை வரைந்தார்கள். கேமரா அப்ஸ்குரா என்ற இருட்டுப்பெட்டியின் உதவியோடு இடத்தில் எடுத்த கோடுகள், பிறகு லண்டனில் செப்புத்தகட்டில் ஏறி, 1795 முதல் 1808 வரை வெளியான 144 படங்களின் வரிசையில் சேர்ந்தன. இன்னும் கூர்மையான உதாரணம் எட்வர்ட் லியர். சிறுவர்களுக்கான வேடிக்கைப் பாடல்களால் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவரோ தம்மை நிலக்காட்சி ஓவியராகவே கருதினார். கோர்ஃபு தீவு, இத்தாலியின் சான்ரெமோ என்று கடலோரங்களில் வாழ்ந்து, கரைகளையும் குன்றுகளையும் வரைந்தே பிழைத்தவர். வலிப்பு நோய், மங்கிய பார்வை, அறுபதைத் தாண்டிய வயது ஆகியவற்றோடு 1873 முதல் 1875 வரை இந்தியாவைச் சுற்றினார். 1874-இல் திருச்சியும் அவர் வழியில் இருந்தது. இடத்தில் அவர் செய்தது பென்சில் வேலை. மையும் வண்ணமும் பின்னால், அறையில். ஆனால் தாளின் ஓரத்தில் ஊர்ப்பெயர், தேதி, பல சமயம் மணி, படத்துக்கு வரிசை எண். கோடுகளுக்கு நடுவிலேயே எந்த நிறம் எங்கே என்று குறிப்பு வேறு. அறையில் பூசிய வண்ணத்துக்கும் வெயிலில் எழுதிய அந்தக் குறிப்புதான் எஜமான். நிலமும் பொழுதும் இவ்வளவு பகிரங்கமாகத் தாளில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும்போது, முடித்த இடம் எது என்று கேட்பது வீண்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம், நமக்கென்ன மரபு என்று ஒரு மறுப்பு உண்டு. பாதி சரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காக்காப்பொன் தகட்டில் படம் தீட்டிய திருச்சி ஓவியர்கள் தெய்வங்களையும் தொழிலாளரையும் ஊர்வலங்களையும் வரைந்து விற்றார்கள். காட்சியின் வேளை அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. கருவி கப்பலில் வந்தது என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் இடத்துக்குப் பொறுப்பேற்று வரைவது இங்கே வேறு வாசலால் நுழைந்தது. நாமக்கல்லில் 1919-இல் பிறந்த சில்பி, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்க’ளுக்காகக் கோயில் கோயிலாகப் போய் அங்கேயே உட்கார்ந்து வரைந்தார். பிராகாரத்தில் வரைவது எப்படித் திறந்தவெளி ஆகும் என்று கேட்கலாம். என் கணக்கில் ஆகும். நிலத்தில் அவருக்கு முழு மதிப்பெண். பொழுதில் சற்றுக் குறைக்கலாம். சிற்பம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று வெளிச்சத்தைப் பல இடங்களில் அவர் சமப்படுத்திவிட்டார்.

கேமரா வந்த பிறகு சாட்சிக்கு ஓவியர் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் திருச்சியைப் படம் எடுத்தார். அன்றைய ரசாயனத்தில் பாறைக்குப் போதுமான வெளிச்சம் வானத்துக்கு அதிகமாகிவிடும், மேகம் பதியாது. அதனால் அவர் நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகம் வரைந்து சேர்த்தார். புகைப்படக்காரருக்கே பொழுதைக் காட்டத் தூரிகை தேவைப்பட்டது! இன்றைய செல்போனுக்கு அந்தச் சிரமம் இல்லைதான். ஆனால் அது பிடிப்பது ஒரு நொடியை. நீர்வண்ணக்காரர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நிழல் நகர நகர, எந்த நிழலை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கிறார். அந்த முடிவுதான் ஓவியம்.

கடற்கரையில் இந்த முடிவு இன்னும் கடினம். ஈரக்காற்றில் பூசிய வண்ணம் சீக்கிரம் காயாது. பங்குனி வெயிலில் காவிரி மணலிலோ தூரிகை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் தொடக்கத்தில் வரைந்த தென்னை, கால்வாய் நீர்வண்ணங்களில் இந்தக் காற்றின் ஈரம் இருக்கிறது. பிறகு நடந்தது ஒரு வேடிக்கை. 1963-இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கிய அவர், 1966-இல் சக ஓவியர்களோடு ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். கடல் வாசலுக்கே வந்துவிட்டது, படத்தைவிட்டுப் போய்விட்டது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவர்களுடைய தேடல் வேறு. ஆனால் நிலக்காட்சி என்பது மாணவப் பருவத்துப் பயிற்சி, தேர்ந்தவர்கள் கடந்து போக வேண்டியது என்ற எண்ணம் சென்னையில் வேரூன்ற அதுவும் ஒரு காரணம். கும்பகோணம் ஓவியக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள் அக்ரகாரத் தெருக்களையும் படித்துறைகளையும் நீர்வண்ணத்தில் விடாமல் வரைந்து அந்த எண்ணத்தைப் பொருட்படுத்தாதிருந்தார்கள்.

அந்தக் கும்பகோணத்துக்காரர்களிடமும் ஒரு குறை காணலாம். படித்துறை வரும், மின்கம்பி வராது. வேண்டாததை விடுவது கலைஞன் உரிமை என்பார்கள். உரிமைதான், ஆனால் பொழுது என்பது காலையும் மாலையும் மட்டுமல்ல, ஆண்டும்கூட. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடி உயர்ந்து குடமுழுக்கு கண்டது 1987-இல். அதற்கு முன் அங்கே வந்த ஓவியர் யாராயினும் அவர் எதிரில் இருந்தது மொட்டைக் கோபுரம். அதை மொட்டையாகவே வரைந்தவரின் தாள் இன்று சரித்திரம். அழகுக்காக நிலைகளை ஏற்றி முடித்திருந்தால் அது வெறும் அலங்காரம். அதே நியாயம் சத்திரத்துக்கும் உண்டு. தெப்பக்குளக் கரையிலிருந்து மலைக்கோட்டையை வரைந்தவர்கள் ஏராளம். பேருந்து நிலையத்திலிருந்து, கூரை விளிம்பும் விளம்பரப் பலகையும் திரும்பி நிற்கும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸும் சட்டத்துக்குள் இருக்க, மாலை நாலரை மணிப் பாறையை வரைந்து கீழே மணியையும் எழுதிவைக்கும் தாள்தான் இன்னும் அரிது.