பிள்ளைப் பருவமும் நிழற்படமும்

குழந்தையைப் பாடாத இலக்கியம் இல்லை. குழந்தையைத் தீட்டாத ஓவியமும் இல்லை. ஆயினும், பிறந்து பத்து நாளும் நிறையாத சிசுவைத் தனிப்பொருளாகக் கொண்டு, அதன் உருவத்தைப் பதிப்பதையே தொழிலாகவும் கலையாகவும் போற்றும் வழக்கம் நம் காலத்துக்கே உரியது. இன்று நகரங்களிலே குழந்தைப் படங்களுக்கென்றே தனி நிலையங்கள் உள்ளன. கூடையினுள்ளும் பூவிதழ்களின் நடுவிலும் உறங்கும் சிசுக்களின் படங்கள் நாட்காட்டிகளிலும் வாழ்த்து மடல்களிலும் கைத்தொலைபேசித் திரைகளிலும் நிறைந்து கிடக்கின்றன. அவற்றைக் கண்டு மகிழ்வோர் பலர். ஆராய்வோர் மிகச் சிலர். இப்படங்களைக் கலையென மதித்துத் திறனாய வேண்டுமாயின் அதற்குரிய அளவுகோல் யாது? மேனாட்டார் வகுத்ததைக் கடன் வாங்குதல் எளிது. ஆனால், குழந்தையைப் பருவந்தோறும் நோக்கிப் பாடுதற்கென்றே ஓர் இலக்கிய வகையைப் படைத்துக்கொண்ட மொழி நம்முடையது. பிள்ளைத்தமிழ் என்னும் அவ்வகையை உரைகல்லாகக் கொண்டு, இன்றைய குழந்தைப் படங்களை உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரியாழ்வார் திருமொழியிலே வித்தூன்றி, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழில் முழுவுருப் பெற்று, 17ஆம் நூற்றாண்டிலே குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் உச்சிநிலை எய்தியது இவ்வகை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழு பருவங்களும் ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொது. எஞ்சிய மூன்றும் ஆண்மகவுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்மகவுக்கு அம்மானை, நீராடல், ஊசல் எனவும் பெரும்பாலும் வரும். பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கிலே சிறிது வேறுபடினும், அவற்றின் அடிப்படை ஒன்றே: குழந்தை ஒவ்வொரு பருவத்திலும் ஒரு புதிய செயலைக் கற்கின்றது; அச்செயலைக் கண்ட தாயின் உவகையே பாட்டாகின்றது.

செங்கீரைப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஐந்தாம் மாதத்திலே குழந்தை இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, தலை நிமிர்த்தி முகம் அசைய ஆடும் நிலை அது. இதனைப் படித்த மாத்திரத்தே நம் வீட்டுச் சுவரிலே தொங்கும் பழைய படம் ஒன்று நம்முள் பலருக்கு நினைவுக்கு வரும். கறுப்பு வெள்ளைப் படம்; விரிப்பின்மேல் குப்புறக் கிடக்கும் குழந்தை; நெற்றியிலும் கன்னத்திலும் கண்ணூறு கழிக்கும் மைப்பொட்டு; நிமிர்ந்த தலை; வியப்பு நிறைந்த கண்கள். இலங்கையிலும் தமிழகத்திலும் சிற்றூர்ப் படப்பிடிப்பாளர் எத்தனையோ பேர் பாட்டியல் நூலின் பெயரையும் அறியாமலே செங்கீரை ஆடும் குழந்தையைப் படமாக்கினர். கவிஞன் கண்டதையே அவர்களும் கண்டனர் என்பதே காரணம். தலையைத் தானே நிமிர்த்தும் நாள், குழந்தை உலகை முதன்முதல் எதிர்கொள்ளும் நாளன்றோ! அப்படங்களில் ஒளியமைப்பின் நுட்பம் இல்லாதிருக்கலாம். திரையிலே தீட்டிய மாளிகை நகைப்பைத் தரலாம். ஆயினும் படத்தின் நடுவே ஓர் உயிர் தன் செயலைச் செய்துகொண்டிருந்தது.

இனி, இன்றைய நாகரிகப் படங்களை நோக்குவோம். சிசுப் படங்களிலே தேர்ந்தோர் பிறந்து இரண்டு வாரத்துக்குள் படமெடுப்பதையே பெரிதும் விரும்புவர். அப்போது சிசு ஆழ்ந்து உறங்கும். கை கால்களை எளிதில் மடக்கலாம். கருவிலே கிடந்த வடிவத்தை உடல் இன்னும் மறந்திராது. ஆஸ்திரேலியாவில் 1956இல் பிறந்த ஆன் கெடிஸ் என்னும் அம்மையார் இத்துறையை உலகறியச் செய்தவர். 1996இல் வெளிவந்த அவரது ‘டவுண் இன் த கார்டன்’ என்னும் நூலிலே குழந்தைகள் பூக்களாகவும் பூச்சிகளாகவும் வேடம் புனைந்து தோன்றுகின்றனர். கற்பனையும் உழைப்பும் நிறைந்த நூல் அது. ஆனால், அவ்வழியைப் பின்பற்றி எழுந்த எண்ணற்ற படங்களிலே ஒரு குறை வெளிப்படை. குழந்தை அங்கே எதனையும் செய்வதில்லை, அதற்குச் செய்யப்படுகின்றது. பூவாகவும் பழமாகவும் பொம்மையாகவும் அது வைக்கப்படுகின்றது. ஒரு குழந்தையை எடுத்துவிட்டு வேறொன்றை அவ்விடத்தில் வைத்தாலும் படம் மாறாது. குழந்தையை உவமேயமாகக் கொள்ளவேண்டிய கலை, அதனை வெறும் உவமையாக்கிவிட்டது என்க.

பிள்ளைத்தமிழிலும் உறக்கம் உண்டே, தாலப் பருவம் உறங்கும் குழந்தையைப் பாடுவதன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மை. ஆனால் தாலாட்டிலே தாயின் குரல் இருக்கிறது. நாவசைத்துப் பாடும் ஒருத்தி அருகே இல்லாமல் அங்கே உறக்கம் இல்லை. இன்றைய படத்திலோ அந்தத் தாய் அகற்றப்படுகின்றாள்.

இவ்வகற்றுதலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1839இல் டாகேர் என்னும் பிரெஞ்சுக்காரரின் படமுறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட பின், பல்லாண்டுகள்வரை ஒரு படம் பதிவதற்குப் பல நொடிகள் சென்றன. குழந்தையோ கணமும் அசையாதிராது. ஆதலின் தாயை நாற்காலியில் இருத்தி, அவள்மேல் துணியைப் போர்த்து, அவள் மடியிலே குழந்தையை வைத்துப் படமெடுத்தனர். துணிக்குள்ளிருந்து நீண்ட கை குழந்தையைத் தாங்கும், முகம் மறைந்திருக்கும். இன்று சிசு தன் கைகளின்மேல் மோவாயை ஊன்றித் தானே இருப்பதுபோலத் தோன்றும் படங்களைக் காண்கிறோம். அந்த வயதிலே எக்குழந்தையும் தன் தலையைத் தானே தாங்காது. ஒருமுறை தலையையும் மறுமுறை கைகளையும் பெரியவர் ஒருவர் பிடித்திருக்க, இரண்டு படங்கள் எடுத்து, அவற்றை ஒட்டி, தாங்கிய கையைக் கணினியிலே அழித்துவிடுதலே பொறுப்புள்ள படப்பிடிப்பாளர் கையாளும் முறை. சிசுவின் பாதுகாப்புக்கு இது வேண்டியதே. ஆனால் பொருளை நோக்கின், அன்று துணி செய்ததையே இன்று கணினி செய்கின்றது. விந்தை யாதெனின், இன்றைய கருவி நொடியின் ஆயிரத்தில் ஒரு கூற்றிலே பதிய வல்லது. ஓடும் பிள்ளையையும் சிரித்துத் துள்ளும் பிள்ளையையும் அதனாற் பிடிக்க முடியும். அத்தகைய கருவியைக் கையிலேந்தி நாம் உறங்கும் பிள்ளையைத் தேடுகின்றோம்!

கெடிஸ் அம்மையாரின் படங்களுள் என் நெஞ்சை விட்டு நீங்காதது எதுவெனின், 1993இல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படமே. குறைமாதத்திற் பிறந்த சிறு மகவொன்றை ஓர் ஆடவரின் பெரிய கைகள் ஏந்தி நிற்கின்றன. பூவில்லை, வேடமில்லை, தாங்கும் கை மறைக்கப்படவுமில்லை. குழந்தை என்பது தாங்கப்படும் உயிர் என்னும் மெய்ம்மையை அப்படம் ஒளிக்கவில்லை. அவர் கலைக்கு அவரே தந்த சிறந்த திறனாய்வு அதுவெனலாம்.

குழந்தைப் படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவர் நம் மலைநாட்டு மண்ணிலே உறங்குகின்றார் என்பதை நம்மவர் பலர் அறியார். கல்கத்தாவில் 1815இற் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில அம்மையார், 48ஆம் வயதிலேதான் படக்கருவியைக் கையிலெடுத்தார். 1864இல் ஒரு சிறுமியை எடுத்த படத்தையே தமது முதல் வெற்றி எனக் குறித்தார்; அச்சிறுமியின் பெயரையும் தலைப்பிலே வைத்தார். சிறுவர்க்குச் சிறகணிவித்துத் தேவகுமாரராக்கினார். ஆயினும் 1872இல் எடுத்த ‘ஐ வெயிட்’ என்னும் படத்திலே சிறகணிந்த சிறுமி சலித்த முகத்தோடு நம்மை நோக்குகிறாள். அச்சலிப்பை அழியாது விட்டமையாலேயே அது கலையாயிற்று. கோப்பித் தோட்டம் வைத்திருந்த கணவரோடு 1875இல் இலங்கைக்கு வந்த அம்மையார், 1879இல் டிக்கோயாப் பகுதியில் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். இங்கே அவர் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. அவற்றிலே தோட்டத்துத் தமிழரின் முகங்களும் உள்ளன, அழகும் உண்டு. ஆனால் இங்கிலாந்துச் சிறுமிக்குக் கிடைத்த பெயர் அவர்களுள் பெரும்பாலோர்க்குக் கிடைக்கவில்லை. பின்னர் வெளிவந்த படவஞ்சலட்டைகளிலும் ‘தமிழ்ப் பெண்’, ‘கூலி’ என்ற அளவிலே தலைப்பு நின்றுவிட்டது.

பெயரின்மை இன்றும் தொடர்கின்றது. கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்லைப் பகுதிகளிலே இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் விரவிக் கிடக்கின்றன. தாய் விடியலிலே பால் வெட்டவோ கொழுந்தெடுக்கவோ செல்ல, பிள்ளை மடுவத்திலே விடப்படும் குழந்தையை, வழிப்போக்கர் வண்டியை நிறுத்திப் படமெடுத்துச் செல்வதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் பாடசாலை ஒன்றிலே யான் கண்டதைச் சொல்லுகின்றேன். கொப்பிகள் வழங்க வந்த அன்பர் சிலர் படமெடுக்க விரும்பினர். அன்றென்று எண்ணெய் வைத்து வாரி, வெண்சட்டையும் சப்பாத்தும் அணிந்து முன்வரிசையில் நின்ற சிறுமியைப் பின்னே போகச் சொல்லி, வெறுங்காலோடு நின்ற சிறுவனை முன்னே இழுத்தனர். அவன் கையிலே கொப்பியைக் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் செய்தனர். பின்னே போன சிறுமி குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டாள். அவள் தாய் அதனை வாங்க எத்தனை நாட் சம்பளத்தை எண்ணியிருப்பாள் என்பது படமெடுத்தவர்க்குத் தெரியாது. ஆசிரியனாகிய யானும் அன்று வாளாவிருந்தேன். பூக்கூடையிலே சிசுவை வைப்பவரும், வறுமையின் அடையாளமாகச் சிறுவனை வைப்பவரும் செய்வது ஒன்றே: குழந்தையைக் காணாமல், தாம் முன்னரே எண்ணி வந்ததைக் காணுதல்.

ஏழைச் சிறுவரைப் படமெடுத்தலே தவறென்பது என் கருத்தன்று. அமெரிக்காவிலே லூயிஸ் ஹைன் என்பார் 1908 முதற் சுரங்கங்களிலும் நூலாலைகளிலும் உழைத்த சிறுவரைப் படமெடுத்தார். இயன்றபோதெல்லாம் ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் செய்யும் வேலையையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். சிறுவருழைப்புக்கு எதிரான சட்டங்களுக்கு அப்படங்கள் துணை நின்றன. அவர் படத்திலே நிற்கும் சிறுவன் நம்மிடம் இரப்பதில்லை, நம்மை வினவுகின்றான்.

தோட்ட மக்களுக்கு நிழற்படம் வெறும் அலங்காரப் பொருளாக ஒருபோதும் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர் நம் முன்னோர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் 525,000 பேர் இந்தியாவுக்கு எனவும் 300,000 பேர் இலங்கைக்கு எனவும் எண்ணப்பட்டனர். கடவுச்சீட்டுக்கென்றே வாழ்நாளில் முதன்முறையாகப் படம் எடுத்துக்கொண்டோரும் அவருள் இருந்தனர். தலைமன்னாரிலே கப்பலேறிய தமக்கையின் பெட்டியில் ஒரு படி, இங்கு நின்ற தம்பியின் காம்பராச் சுவரில் ஒரு படி எனப் பிள்ளைப் பருவப் படமொன்று இரு நாடுகளிலே வாழ்ந்த குடும்பங்களை யான் அறிவேன். 2016ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் இம்மாவட்டத்து அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து குடியிருப்புகளை மூடிற்று. அத்தகைய அழிவிலே மனிதரோடு அவர்தம் படங்களும் மண்ணுள் மறைகின்றன. குழந்தை போய், அதன் முகம் பதிந்த ஒரு தாளும் போய்விடின், தாய்க்கு எஞ்சுவது யாது? இதனை எண்ணுவார்க்குக் குழந்தைப் படம் எத்துணைப் பெரிய பொருள் என்பது விளங்கும்.

பிள்ளைத்தமிழ் காட்டும் நெறியை ஈண்டுத் தொகுத்துக் கூறலாம். செங்கீரையும் சப்பாணியும் குழந்தையின் செயலை நோக்குக என்கின்றன. தாலும் முத்தமும் தாயை மறைக்காதே என்கின்றன. அம்புலிப் பருவத்திலே கவிஞர் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு வழியாலும் நிலவை அழைக்கின்றார். அழைக்கப்படுவது நிலவேயன்றிக் குழந்தையன்று. குழந்தை இருந்த இடத்திலே இருக்க, உலகம் அதனிடம் வரவேண்டும். படப்பிடிப்பாளரும் முழந்தாளிட்டுக் குழந்தையின் கண்மட்டத்துக்குத் தாழ்தல் வேண்டும்; நின்றபடியே மேலிருந்து நோக்குபவர்க்கு உச்சந்தலையே கிடைக்கும், முகம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் முதலிலே வைக்கப்பட்டது காப்புப் பருவம். குழந்தையின் அழகைப் பாடத் தொடங்குமுன், திருமால் முதலாய தெய்வங்களை விளித்து, இக்குழந்தையைக் காத்தருள்க என வேண்டுதல் கவிஞனின் முதற்கடன். இன்று பிறந்த சிசுவின் படம் அன்று மாலைக்குள் முகமறியாத ஆயிரம் பேரின் கண்ணிற் படுகின்றது. அக்குழந்தை வளர்ந்து, இதனை ஏன் வெளியிட்டீர் எனக் கேட்கும் நாளும் வரும். மைப்பொட்டு வைத்த பாட்டியின் அச்சத்தை மூடநம்பிக்கை என நகைத்தோம். பிறர் நோக்கு குழந்தையைத் தீண்டும் என்று அவள் உணர்ந்ததில் ஓர் உண்மை இருந்தது.

அன்று பின்னே அனுப்பப்பட்ட அச்சிறுமியை அவ்வாண்டின் இறுதியிலே, அவள் தாயின் இசைவு பெற்று, பாடசாலை வாயிலில் நிறுத்திப் படமெடுத்தோம். வெண்சட்டை, சப்பாத்து, அருகே அவள் தோளிலே கை வைத்த தாய். படத்தின் பின்புறத்தில் அவள் பெயரும் வயதும் வகுப்பும் எழுதி, படியை வீட்டுக்கே கொடுத்துவிட்டோம். ஆதலால் அப்படத்தை இங்கே அச்சிட இயலவில்லை, அஃது அவர்களுடையது.